1868 ஜார்ஜியா: தேர்தலில் வென்ற டர்னரை எந்தச் சட்டப்படி வெளியேற்றினார்கள்?

கேள்வி:
கறுப்பினத் தலைவர் ஹென்றி மெக்நீல் டர்னர் 1868 ஏப்ரலில் மேக்கன் நகரிலிருந்து அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலச் சட்டமன்றக் கீழவைக்குத் தேர்வானார். ஜூலையில் சட்டமன்றம், கறுப்பினத்தவருக்கும் குடியுரிமை தரும் அமெரிக்க அரசமைப்பின் 14ஆவது திருத்தத்தை ஏற்றது. செப்டம்பர் 3 அன்று கீழவை அவரையும் மற்ற கறுப்பின உறுப்பினர்களையும் வெளியேற்றியது. குடியுரிமையை ஒப்புக்கொண்ட கையோடு இது எப்படி நடந்தது?

பதில் 1:
சட்ட ஓட்டை மாநில அரசமைப்பிலேயே இருந்தது. 1867 டிசம்பரில் அட்லாண்டாவில் கூடிய மாநாடு கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமையை எழுதிவைத்தது. பதவி வகிக்கும் உரிமையைச் சொன்ன வாசகத்தை எடுத்துவிட்டது. 'வாக்களிக்கலாம், உட்கார முடியாது' என்ற வாதத்துக்கு அது போதுமாக இருந்தது. 14ஆவது திருத்தமும் பதவியைப் பற்றி வெளிப்படையாகப் பேசவில்லை. இதைச் செய்தது ஜனநாயகக் கட்சியினர் மட்டுமல்ல. அன்று கறுப்பினத்தவர் சார்ந்திருந்த குடியரசுக் கட்சியின் வெள்ளையர் சிலரும் துணைநின்றார்கள். என் பார்வையில் மன்னிக்கவே முடியாத பகுதி அதுதான்.

பதில் 2:
அடுத்த படியையும் பாருங்கள். வென்றவர் தகுதியற்றவர் என்றால் அடுத்த அதிக வாக்கு வாங்கியவருக்கே இடம் என்று விதி. ஆகவே இடைத்தேர்தல் வரவில்லை. தோற்றவர்கள் நேராக வந்து உட்கார்ந்தார்கள். வெளிர்நிறம் கொண்ட 4 பேரை மட்டும் கறுப்பினத்தவர் என நிரூபிக்க முடியாமல் விட்டுவிட்டார்கள். சில நாள் கழித்து மேலவை தன் கறுப்பின உறுப்பினர்களான துனிஸ் கேம்பெல், ஜார்ஜ் வாலஸ் இருவரையும் நீக்கியது.

பதில் 3:
நீதிமன்றத் தீர்ப்பை விட்டுவிடாதீர்கள். சவானாவில் நீதிமன்ற எழுத்தராகத் தேர்வான ரிச்சர்ட் வைட்டின் வழக்கில், கறுப்பினத்தவர் பதவி வகிக்கலாம் என்று 1869 ஜூனில் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. தலைமை நீதிபதி ஜோசப் பிரவுன், 1868 தேர்தல் பிரசாரத்தில் நேர்மாறாகப் பேசியவர்! தீர்ப்பு வந்தும் சட்டமன்றம் அசையவில்லை. 1869 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் தனிச் சட்டம் போட்டு ராணுவத்தை இறக்கிய பிறகுதான் வேலை நடந்தது. 1870 ஜனவரியில் ஜெனரல் ஆல்ஃபிரட் டெர்ரி, கிளர்ச்சியில் சேர்ந்த முன்னாள் அதிகாரிகளுக்குப் பதவியைத் தடுக்கும் 14ஆவது திருத்தத்தின் 3ஆம் பிரிவைக் காட்டி, உள்நாட்டுப் போரில் தெற்கு மாநிலக் கூட்டமைப்பின் பக்கம் நின்ற உறுப்பினர்களை நீக்கினார். குடியரசுக் கட்சியில் இரண்டாவதாக வந்தவர்களுக்கு அந்த இடங்கள் போயின. டர்னரும் மற்றவர்களும் திரும்பினார்கள்.

பதில் 4:
திரும்பியது சொற்ப காலத்துக்குத்தான். 1870 டிசம்பர் தேர்தலில் ஜனநாயகக் கட்சி இரு அவைகளையும் பிடித்தது. வெளியேற்றத்தை வெறும் சட்ட நுணுக்கமாக மட்டும் படித்தால் பாதிதான் புரியும். நீக்கப்பட்டவர்களில் ஒருவரான பிலிப் ஜாய்னர் 1868 செப்டம்பர் 19 அன்று ஆல்பனியிலிருந்து கமிலாவுக்கு ஊர்வலம் நடத்திச் சென்றபோது வெள்ளையர்கள் கூட்டத்தைச் சுட்டார்கள். கிரீன் கவுண்டியின் கறுப்பின உறுப்பினர் ஆப்ரம் கோல்பிக்கு முதலில் பணம் காட்டினார்கள்: கட்சி மாற 5,000 டாலர், இடத்தை விட்டுக்கொடுக்க 2,500. மறுத்தார். 1869 அக்டோபரில் கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி ரகசியக் கும்பல் அவரை வீட்டிலிருந்து இழுத்துப்போய் மணிக்கணக்கில் அடித்தது. காங்கிரஸ் விசாரணைக் குழு முன் அவரே கொடுத்த சாட்சியம் அச்சில் இருக்கிறது. முதலில் அதைப் படியுங்கள்.