ஆதிச்சநல்லூர் பொருள்கள் எழும்பூரில் நூறாண்டாக இருந்தும் காலம் கணிக்க முடியாமற்போனது ஏன்?

கேள்வி: பொருநைக்கரை ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். தொல்லியலாளர் அலெக்சாந்தர் ரீ 1899 முதல் 1905 வரை ஆதிச்சநல்லூர் இடுகாட்டில் அகழ்ந்தெடுத்த இரும்புக் கருவிகள், பொன் நெற்றிப்பட்டங்கள், எருமை உருவம் அமைந்த வெண்கல மூடிகள் ஆகியவை சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் உள்ளன. ஆயினும் கி.மு. 905, கி.மு. 696 என்னும் காலக்கணிப்புகள், 2004-05இல் மீண்டும் அகழ்ந்து திரட்டிய மாதிரிகளிலிருந்தே 2019இல் தெரியவந்தன. இத்தனை பொருள்கள் கையிலிருந்தும் மறுபடி தோண்ட வேண்டிய தேவை என்ன? பழைய சேகரிப்பால் இன்றைய ஆய்வுக்குப் பயன் உண்டா?

மறுமொழி 1: தாழிக்காடு

ஐயா, ரீ அகழ்ந்த நாளில், உயிர்ப்பொருளில் எஞ்சிய கரிமத்தை அளந்து வயதறியும் கரிமக் காலக்கணிப்பு என்ற முறையே இல்லை; அது 1949இல்தான் வெளிவந்தது. இறந்தோரைப் புதைத்த பெருந்தாழிகளுக்குள் இருந்த சிறு கலங்களில் நெல் உமியும் தினை உமியும் கிடைத்ததை ரீ குறித்தே வைத்திருக்கிறார். இன்றைய ஆய்வாளர் முதலில் கேட்பது அந்த உமியைத்தான். அன்றோ கண்ணாடிப் பேழைக்குரியவையாகக் கருதப்பட்டவை உலோகமும் மட்கலமும். வெண்கலத்தில் கரிமம் இல்லாததால் அதை நேரடியாக அம்முறையில் கணிக்க இயலாது. அதனுடன் ஒரே தாழியில், ஒரே மண்ணடுக்கில் கிடந்த கரித்துண்டு வேண்டும். எது எதனுடன் கிடந்தது என்ற பதிவும் வேண்டும். அதற்காகவே மீண்டும் தோண்ட நேர்ந்தது.

மறுமொழி 2: உலைக்களம்

பயன் நிச்சயமாக உண்டு. ஆதிச்சநல்லூர் வெண்கலக் கலங்கள் சிலவற்றை ஆராய்ந்த தொல்லுலோக ஆய்வாளர் சாரதா சீனிவாசன், அவற்றில் வெள்ளீயம் ஏறத்தாழ 23 விழுக்காடு கலந்திருப்பதைக் காட்டியுள்ளார். இவ்வளவு வெள்ளீயம் சேர்ந்த வெண்கலம் ஆறிய நிலையில் அடித்தால் நொறுங்கிவிடும். எனவே செஞ்சூட்டிலேயே தட்டி மெலிதாக்கி, சூடு தணியுமுன் நீரில் தோய்த்திருக்கிறார்கள். அந்தக் கம்மியரின் கைத்திறனைக் காலக்கணிப்பு எதுவும் நமக்குச் சொல்லியிராது. உலோகத்தின் உள்ளமைப்புதான் சொல்கிறது. எனக்கு இது ஆண்டுக் கணக்கைவிடப் பெரிய செய்தியாகவே படுகிறது.

ஒன்றை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். எழும்பூரில் வேதியியலாளர் பரமசிவன் 1930களிலேயே வெண்கலப் பொருள்களை, மின்சாரம் செலுத்திக் களிம்பை நீக்கும் மின்பகுப்பு முறையில் தூய்மைப்படுத்தும் பணியைத் தொடங்கினார். அரிமானத்திலிருந்து பல பொருள்களைக் காத்த நற்பணி அது. ஆனால், களிம்பு அகலும்போது அதில் ஒட்டியிருந்த துணியிழை, மண் போன்ற தடயங்களும் அகன்றுவிடக்கூடும். ஆகவே, ஒரு பொருளை ஆராயப் புகுமுன் அதற்கு முன்னர் என்ன வேதிச் சிகிச்சை நடந்தது என்று கேட்டறிவது நல்லது.

மறுமொழி 3: மானிடவியல் வாசகி

மண்டையோடுகளையும் மறக்கலாகாது. அவற்றைப் பற்றி உடற்கூற்றியலாளர் சக்கர்மேன் செய்த ஆய்வை இந்த அருங்காட்சியகமே 1930இல் வெளியிட்டது. அதற்கு முன்பே, 1885 முதல் 1908 வரை அதன் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், உயிரோடிருந்த மக்களின் தலையையும் மூக்கையும் அளந்து சாதி வாரியாகப் பட்டியலிட்டிருந்தார். சில அளவுகளைக் கொண்டு மனிதரை இன வகைகளுக்குள் அடைத்த அந்த அணுகுமுறையை அறிவியல் இன்று ஏற்பதில்லை. ஆதலால், அக்கால நூல்களிலிருந்து ‘ஆதிச்சநல்லூர் மக்கள் இன்ன இனத்தவர்’ என்று எடுத்து மாணவர்களுக்குச் சொல்ல வேண்டாம் என்று உங்களை அன்புடன் கேட்டுக்கொள்கிறேன். அதே எலும்பும் பல்லும் வயது, நோய், உணவு பற்றிச் சொல்லக்கூடியவை மிகுதி. கேள்வியை மாற்றிக்கொண்டால் போதும்.

மறுமொழி 4: தாழிக்காடு

ஒன்றைச் சேர்க்கிறேன். ரீக்கும் முன்னதாக 1876இல் இங்கே தோண்டிய ஜெர்மானியர் ஃபியோதர் யாகோர், தாம் எடுத்தவற்றைப் பெர்லினுக்குக் கொண்டுசென்றார். ஆகவே ஒரே இடுகாட்டின் பொருள்கள் இன்று இரண்டு கண்டங்களில் பிரிந்து கிடக்கின்றன. பெர்லின், எழும்பூர்ப் பட்டியல்களை அருகருகே வைத்து ஒப்பிடுவதை உங்கள் மாணவர்களுக்கு ஒரு பயிற்சியாகக் கொடுக்கலாம். அதற்கு முன் அவர்களை ஆதிச்சநல்லூருக்கே அழைத்துச் செல்லுங்கள். 2023இல் அங்கு திறக்கப்பட்ட தள அருங்காட்சியகத்தில், அகழ்ந்த குழிக்குள்ளேயே தாழிகளை விட்டுவைத்து, கண்ணாடித் தளத்தின் மேல் நின்று பார்க்கும்படி செய்திருக்கிறார்கள். எந்தத் தாழிக்கு அருகில் எது இருந்தது என்பதை மாணவர்கள் அங்கே நேரிலேயே காணலாம்.