புதுப்பிப்பு: சுவரில் படிந்த திரள் ஏன் தப்பிச் செல்கிறது?

60 பாகை சாய்வும் 5 செ.மீ. விட்டமும் 60 செ.மீ. நீளமும் கொண்ட டியூப் செட்லரில் (அழுக்கைப் படியவைத்து நீரைத் தெளிவாக்கும் சாய்வுக் குழாயில்) நீர் நொடிக்கு 2 மி.மீ. வேகத்தில் ஏறினால், நொடிக்கு ஏறத்தாழ 0.4 மி.மீ. படியும் படிகாரத் திரள்கள் (படிகாரம் சேர்ப்பதால் அழுக்குத் துகள்கள் ஒட்டி உருவாகும் கட்டிகள்) வரை பிடிபடும் என்று முந்தைய இழையில் கணக்கிட்டிருந்தேன். குழாயின் விட்டத்தைக் குறைத்தால் இன்னும் நுண்ணியவையும் சிக்குமே என்று சிலர் கேட்டிருந்தனர்.

விழும் தூரம் குறைவதால் திரள் விரைவில் சுவரைத் தொடும் என்பது சரியே. ஆனால் தொட்ட திரள் அங்கேயே நிற்கும் என்பதற்கு உறுதியில்லை. சீரான ஓட்டத்தில் நீரின் வேகம் சுவரில் சுழியமாகவும் நடுவில் சராசரியைப் போல் இரு மடங்காகவும் இருப்பதால், குழாய் குறுகக் குறுகச் சுவரையொட்டிய நீரின் வேகம் வெகுவாக உயர்கிறது.

கீழ்ச்சுவரில் கிடக்கும் 0.5 மி.மீ. திரள் ஒன்றின் மையம் சுவரிலிருந்து 0.25 மி.மீ. தள்ளி இருக்கும். 5 செ.மீ. குழாயில் அவ்விடத்தில் நீர் நொடிக்கு 0.08 மி.மீ. மட்டுமே ஏறுவதால், சரிவில் நொடிக்கு 0.35 மி.மீ. வேகத்தில் (0.4 மி.மீ. படிவு வேகத்தின் சரிவுவழிக் கூறு) இறங்க முனையும் திரள் தடையின்றிச் சறுக்கி இறங்கிவிடும். விட்டத்தை 1 செ.மீ. ஆக்கினால் அதே இடத்தில் நீர்வேகம் 0.39 மி.மீ. ஆகிவிடும், அப்போது திரள் சுவரோடு உருண்டு மேலேறித் தெளிந்த நீரில் கலந்துவிடும். கார்னெல் பல்கலைக்கழகத்தின் அகுவாகிளாரா குழுவினர் இந்த உருளலை விரிவாக ஆராய்ந்துள்ளனர்.

நுழைவாயிலருகே ஓட்டம் சீராகாத பகுதியையும் நீளத்திலிருந்து கழித்தே கணக்கிட வேண்டும். ஆகவே, விட்டத்தைக் குறைப்பதைவிட, திரள்களை முன்னதாகவே கனமாக வளர்ப்பதும் ஏறும் வேகத்தைக் குறைப்பதுமே நம்பத்தக்க வழிகள் என்பது என் உறுதியான கருத்து.