பதவி விலகும் அரசுத் தொழில்நுட்ப அதிகாரியை எதைக் கொண்டு மதிப்பிடுவது?

கேள்வி: வடகரை

அனைவருக்கும் வணக்கம். அரசின் தொழில்நுட்பப் பொறுப்பில் மேல்மட்டத்தில் இருந்த ஒருவர் விலகும்போது எழும் பாராட்டும் வசவும் உண்மையில் எதைப் பார்த்து எழுகின்றன என்பது எனக்கு வெகுநாளைய ஐயம். அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் முதல் தலைமைத் தகவல் அதிகாரியான விவேக் குந்த்ராவையே எடுத்துக்கொள்கிறேன். அதிபர் ஒபாமா 2009 மார்ச்சில் அவரை அந்தப் பதவிக்குக் கொண்டுவந்தார். ஆண்டுக்கு ஏறத்தாழ 8,000 கோடி டாலர் வரும் அரசின் கணினிச் செலவு முழுவதும் அவருடைய மேற்பார்வைக்குள் வந்தது. 2011 ஜூனில் அவர் விலகப்போகும் செய்தி வெளியானது. ஆகஸ்டில் ஹார்வர்டுக்குப் போய்விட்டார்.

அப்போது வந்த கருத்துகளைப் படித்தால், பூட்டிக்கிடந்த அரசுத் தரவுகளைத் திறந்துவிட்டவர் என்று ஒரு சாரார் கொண்டாடியதும், 25 அம்சச் சீர்திருத்தத் திட்டத்தை 2010 டிசம்பரில் அறிவித்துவிட்டு அதற்குக் குறித்த பதினெட்டு மாதத்தில் பாதிகூட முடியாத நிலையில் கிளம்புகிறாரே என்று மறுசாரார் சலித்துக்கொண்டதும் தெரிகிறது. இரண்டுமே அவருடைய ஆளுமையைச் சுற்றியே நிற்கின்றன. இரண்டரை ஆண்டுக்கும் குறைவாகப் பதவியில் இருந்த ஒருவரை நியாயமாக எடைபோட வேறு அளவுகோல் உண்டா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

மறுமொழி: தணிகை

முதலில் காலக் கணக்கை முடித்துவிடலாம். இரண்டரை ஆண்டு என்பது அந்த நாற்காலிக்குக் குறைவான காலம் இல்லை. அமெரிக்க அரசுத் துறைகளின் தலைமைத் தகவல் அதிகாரிகள் சராசரியாக எவ்வளவு காலம் நீடிக்கிறார்கள் என்பதை அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் 2004இல் ஆராய்ந்தபோது கிடைத்த விடை சுமார் இரண்டு ஆண்டு. அதே ஆய்வில், உருப்படியாக எதையாவது செய்து முடிக்க மூன்று முதல் ஐந்து ஆண்டு வேண்டும் என்று அந்தப் பதவியில் இருந்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஆகவே சீக்கிரம் போய்விட்டார் என்ற குறை குந்த்ராவைக் காட்டிலும் அந்தப் பதவியின் அமைப்புக்கே அதிகம் பொருந்தும்.

அவர் செய்தவற்றில் பொதுமக்கள் கண்ணில் பட்டது, அரசுத் தரவுகளை வெளியிடும் டேட்டா.கவ் தளம். 2009 மே மாதம் வெறும் 47 தரவுத் தொகுப்புகளோடு அது தொடங்கியது. என் மதிப்பில் அதைவிட முக்கியமானது, அடுத்த மாதமே வந்த ஐ.டி. டேஷ்போர்டு. துறைவாரியாக ஒவ்வொரு கணினித் திட்டமும் செலவிலும் காலக்கெடுவிலும் எங்கே நிற்கிறது என்பதைப் பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்களில் காட்டி, பொறுப்பான அதிகாரியின் புகைப்படத்தையும் அருகில் போட்டிருந்தார்கள். யார் பொறுப்பு என்று கேட்டால் கோப்பு பத்து மேசை சுற்றிவரும் இடத்தில், ஊர் பார்க்கும்படி ஒரு முகத்தை ஒட்டிவைத்தது சாதாரண காரியமில்லை. தளம் வந்த மறுமாதமே, முன்னாள் படைவீரர் நலத்துறை காலக்கெடு தவறியோ செலவு மீறியோ போய்க்கொண்டிருந்த 45 திட்டங்களை நிறுத்திவைத்தது. 2010 ஜனவரியிலிருந்து டெக்ஸ்டாட் என்ற ஆய்வுக் கூட்டங்களும் நடந்தன. தடுமாறும் ஒரு திட்டத்தின் கணக்குகளை முன்னால் வைத்துக்கொண்டு, அதைத் திருத்துவதா, சுருக்குவதா, கைவிடுவதா என்று கேட்பதே அந்தக் கூட்டங்களின் வேலை. இவற்றால் 300 கோடி டாலர் மிச்சமானதாக அரசு கணக்குக் காட்டியது. அரசே தன் சேமிப்பைச் சொல்லும்போது அதை எவ்வளவு நம்ப வேண்டும் என்பதை அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறேன்.

இனி மறுபக்கம். அந்தத் தளத்தில் நிறத்தைத் தீர்மானித்தவர் மதிப்பிடப்படும் துறையின் அதிகாரியேதான். குந்த்ரா போய் ஓராண்டு கழித்து, 2012 அக்டோபரில் பொறுப்புடைமை அலுவலகம் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள்: கணினிச் செலவில் எல்லாத் துறைகளையும் மிஞ்சி நிற்கும் பாதுகாப்புத் துறை, தன் பெருந்திட்டங்களில் ஒன்றைக்கூட அதிக ஆபத்துள்ளது என்று குறிக்கவில்லை. அந்தத் துறையின் பக்கத்தில் சிவப்பே கிடையாது! உண்மையான நிலவரம் அப்படி இருந்திருக்க முடியாது என்பது அந்த அலுவலகத்தின் வேறு ஆய்வுகளிலேயே தெரிகிறது.

பணத்தின் கதையும் உண்டு. இந்தத் தளங்களுக்கெல்லாம் சோறுபோட்ட மின்னாளுகை நிதி, 2011 ஏப்ரலில் நடந்த வரவுசெலவு இழுபறியில் சுமார் 3.4 கோடி டாலரிலிருந்து 80 லட்சம் டாலராக வெட்டப்பட்டது. விலகல் அறிவிப்பு அதற்கு இரண்டு மாதம் கழித்து வந்தது. ஒன்றுக்காக மற்றொன்று என்று நான் முடிச்சுப் போடவில்லை. ஆனால் அவர் விட்டுச்சென்ற வீட்டில் அடுப்பு எவ்வளவு எரிந்தது என்று பார்க்காமல் அவரைப் புகழ்வதும் இகழ்வதும் அரைகுறை வேலை.

மறுமொழி: நொச்சி

நண்பர் தணிகை ஒன்றைத் தொடாமல் விட்டுவிட்டார். குந்த்ரா 2012 ஜனவரியில் சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனத்தில் துணைத் தலைவர் நிலைப் பதவியில் சேர்ந்தபோது பொதுக்கருத்தின் தொனியே மாறியது. அவருடைய 25 அம்சத் திட்டத்தின் நடுநாயகமே, எதையும் முதலில் மேகக் கணிமையில் (சொந்தக் கணினிகளை வைக்காமல் இணையம் வழியே வாடகைக்குப் பெறும் கணினிச் சேவையில்) செய்ய முடியுமா என்று பார்க்க வேண்டும் என்ற கொள்கை. ஒவ்வொரு துறையும் மூன்று சேவைகளைத் தேர்ந்து, ஒன்றைப் பன்னிரண்டு மாதத்துக்குள்ளும் மற்ற இரண்டைப் பதினெட்டு மாதத்துக்குள்ளும் மாற்றியாக வேண்டும் என்று அதில் விதித்திருந்தார்கள். அப்படிப்பட்ட சேவையை விற்கும் நிறுவனத்துக்கே அவர் போனால் ஊர்வாய் சும்மா இருக்குமா?

சட்டப்படி இதில் தவறு நடந்ததாக யாரும் நிறுவவில்லை. ஒபாமா பதவியேற்ற மறுநாளே பிறப்பித்த நிர்வாக ஆணையின்படி, உயர்பதவியை விட்டுச் செல்பவர்கள் இரண்டு ஆண்டுக்குத் தங்கள் பழைய அலுவலகத்தை அணுகிக் காரியம் பேசக் கூடாது என்று இருந்தது. ஆனால் கொள்கை வகுத்த அனுபவத்தோடு சந்தைக்குப் போவதை அந்த ஆணை தடுக்கவில்லை. மேகக் கணிமைக் கொள்கை சரியா தவறா என்ற விவாதத்தை, அவர் எங்கே வேலைக்குப் போனார் என்ற செய்தி விழுங்கிவிட்டது. விலகும் அதிகாரி அடுத்து எங்கே போகிறார் என்பது அவருடைய பழைய முடிவுகளின் மேல் பின்னோக்கி விழும் நிழல் என்பதை மறுக்க மாட்டேன். அந்த நிழலை மட்டும் வைத்து முடிவுகளைத் தள்ளிவிடுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

மறுமொழி: ஆழி

குந்த்ரா விரும்பி விலகியவர். நெருக்கடியில் விலகியவர்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் வடகரை அவர்களின் கேள்விக்கு முழு விடை கிடைக்கும்.

2015இல் அமெரிக்கப் பணியாளர் நிர்வாக அலுவலகத்தின் கணினிகளுக்குள் புகுந்தவர்கள், பின்னணி விசாரணைப் பதிவுகளில் இருந்த 2.15 கோடிப் பேரின் விவரங்களையும், 56 லட்சம் பேரின் கைரேகைப் பதிவுகளையும் எடுத்துச் சென்றது தெரியவந்தது. கடவுச்சொல் போனால் மாற்றிக்கொள்ளலாம், விரல் போனால்? கோபம் நியாயமானதே. அலுவலகத்தின் இயக்குநர் கேத்தரின் ஆர்ச்சுலேட்டா அந்த ஜூலையில் விலகினார். தலைமைத் தகவல் அதிகாரி டோனா சீமோர், 2016 பிப்ரவரியில், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் குழு முன்பு விசாரணைக்கு வரவேண்டிய நாளுக்கு இரண்டு நாள் முன்னதாக ஓய்வுபெற்றார்.

இந்த விலகலைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர், தலை உருண்டது என்ற நிறைவோடு நிறுத்திக்கொண்டார்கள். சீமோர் 2013 இறுதியில்தான் அந்தப் பதவிக்கு வந்தவர். அவர் வந்தபோது அங்கே பல பத்தாண்டுகள் பழமையான கோபோல் (COBOL) என்ற கணினி மொழி நிரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. பாதுகாப்புக் குறைபாடுகளை அந்த அலுவலகத்தின் தலைமைத் தணிக்கையாளர் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பிருந்தே சுட்டிவந்தார். அதே வேளையில், உரிய பாதுகாப்புச் சான்று இல்லாத கணினி அமைப்புகளை நிறுத்திவைப்பது பற்றி எண்ணிப் பாருங்கள் என்று 2014 நவம்பர் தணிக்கை அறிக்கை சொன்னபோது பதவியில் இருந்தவரும் அவர்தான்; அமைப்புகள் நிற்கவில்லை. பழையவர்களின் பாவத்தைச் சுமந்தார் என்பதும், தன் கையில் வந்த எச்சரிக்கைக்கு அவர் பதில் சொல்ல வேண்டியவர் என்பதும் ஒரே ஆளிடம் ஒன்றாகவே இருக்கின்றன. விசாரணைக்கு அவர் வந்திருந்தால், நிறுத்தும் அதிகாரம் உண்மையில் யார் கையில் இருந்தது என்றாவது பதிவாகியிருக்கும். அவருடைய விலகலில் பொதுமக்கள் இழந்தது அந்தப் பதில்தான் என்பேன்.

கேள்வி: வடகரை

மூவருக்கும் நன்றி. அப்படியானால், நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதே அளவுகோல் ஆகிறதா? நம் நாட்டில் நந்தன் நிலேகணி ஆதார் ஆணையத் தலைவர் பதவியை 2014 மார்ச்சில் விட்டதை இதோடு ஒப்பிடலாமா?

மறுமொழி: தணிகை

ஒப்பிடலாம், ஒரு எல்லை வரை. நிலேகணி 2009இல் அமைச்சர் தகுதியோடு வந்தார். 2010 செப்டம்பரில் மகாராஷ்டிரத்தின் தெம்ப்லி கிராமத்தில் முதல் ஆதார் எண் வழங்கப்பட்டது. அவர் தேர்தலில் நிற்பதற்காக விலகியபோது, பல கோடி எண்கள் வழங்கப்பட்டிருந்தும் அந்த ஆணையத்துக்குத் தனிச் சட்டம் இல்லை. வெறும் நிர்வாக அறிவிக்கையின் பலத்தில் இயங்கியது. சட்டம் 2016இல், அதுவும் வேறொரு கட்சியின் ஆட்சியில் வந்தது. ஆதாரின் நன்மை தீமை பற்றிய சச்சரவு இங்கே வேண்டாம். அது தனி இழை கேட்கும். ஆனால் அவர் விலகிய நாளில் நடந்த பேச்சு, பெங்களூரு தெற்குத் தொகுதியில் வெல்வாரா மாட்டாரா என்பதைச் சுற்றியே இருந்தது. சட்டத்தின் காப்பு இல்லாத ஒரு பெரும் தரவுத்தளத்தை யாரிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறார் என்று கேட்டவர்களின் குரல் அன்று எடுபடவில்லை.

அமெரிக்காவிலும் இதே வரிசைதான். துறைகளில் தலைமைத் தகவல் அதிகாரி பதவியை உருவாக்கிய சட்டம் 1996ஆம் ஆண்டினது. ஆனால் துறையின் கணினிச் செலவுக்கு அந்த அதிகாரியின் ஒப்புதல் வேண்டும் என்று காங்கிரஸ் திட்டவட்டமாக விதித்தது 2014 டிசம்பரில்தான். மருத்துவக் காப்பீட்டுக்குப் பதிவுசெய்யும் அரசுத் தளமான ஹெல்த்கேர்.கவ் 2013 அக்டோபர் முதல் நாளில் ஆறே பேரைப் பதிவுசெய்து அவமானப்பட்ட நிகழ்ச்சி அந்தச் சட்டத்துக்கு வலுச்சேர்த்தது. குந்த்ராவின் காலத்தில், முகத்தைத் தளத்தில் போட்டு ஒருவரை வெட்கப்படுத்த முடிந்தது. அந்த முகத்துக்கு உரியவரிடமோ பல துறைகளில் காசோலையை நிறுத்தும் அதிகாரம் இல்லை.

ஆகவே வடகரை அவர்களே, ஒருவர் விலகியதும் நான் தேடிப் படிப்பது அடுத்தவர் முதல் ஆண்டில் எதைக் கைவிட்டார், எதை வைத்துக்கொண்டார் என்பதைத்தான். குந்த்ராவுக்குப் பின் வந்த ஸ்டீவன் வான்ரோக்கெல் டெக்ஸ்டாட் கூட்டங்களைத் தூக்கிப்போடவில்லை. 2012இல் போர்ட்ஃபோலியோஸ்டாட் என்ற பெயரில், தனித் திட்டங்களைத் தாண்டி ஒரு துறையின் மொத்தச் செலவையும் அதே முறையில் அலச வைத்தார். அவர் 2014 செப்டம்பரில் எபோலா நோய்த்தடுப்புப் பணிக்காக வேறு அலுவலகத்துக்கு மாறினார். முன்னவர் விலகியபோது எழுந்த ஆரவாரத்தில் கால்பங்குகூட அப்போது என் கண்ணில் படவில்லை.