எண்ணங்கள் யாவும் புலன்வழி வந்தவைதாமா?

செங்காங் மாறன்: எந்த எண்ணத்தின் மூலத்தைத் தேடிப் போனாலும் கண்ட, கேட்ட, தொட்ட ஏதோ ஒன்றில்தான் போய் நிற்போம் என்று 1739இல் வாதிட்டார் ஸ்காட்லாந்து மெய்யியலாளர் டேவிட் ஹியூம். ஒன்றை அடுத்து மற்றொன்று வரக் கண்டு பழகிய மனம், முதலாவதைக் கண்டதுமே அடுத்ததை எதிர்பார்க்கிறது. அந்த எதிர்பார்ப்பின் அழுத்தத்தையே அவர் நம்பிக்கை என்றார். எம்ஆர்டி ரயில் கதவின் எச்சரிக்கை ஒலி கேட்டதும் மின்படியில் நிற்பவர்கூட ஓடத் தொடங்குகிறார். கதவு மூடுவதை அவர் இன்னும் காணவில்லை, ஆனாலும் ஐயமே இல்லை.

தெம்பனிஸ் வாசகி: ஒலியும் கதவும் தவறாமல் அடுத்தடுத்து வந்தும், ஒலிதான் கதவை மூடுகிறது என்று நம்மில் எவரும் நம்புவதில்லையே, மாறன்! பழக்கம் ஒன்றே போதுமென்றால் இந்த வேறுபாடு மனத்துக்கு எப்படித் தெரிந்தது? காரணம் என்னும் கருத்தைக் கண்ணும் காதும் தருவதில்லை, அறிவே கொண்டுவருகிறது என்பதுதான் 1781இல் ஜெர்மானிய மெய்யியலாளர் காண்ட் அளித்த மறுமொழி.

செங்காங் மாறன்: அதே ஒலியைக் காணொளியில் கேட்கும்போது எக்கதவும் மூடுவதில்லை, வீட்டுக் கதவோ ஒலியின்றியே மூடுகிறது. ஓர் அனுபவத்தை இன்னோர் அனுபவம் திருத்துகிறது, அவ்வளவே. பிறவியிலேயே பார்வையற்று, உருண்டையையும் கனசதுரத்தையும் தொட்டே அறிந்தவருக்குப் பார்வை கிடைத்தால், தொடாமல் எது எதுவெனச் சொல்வாரா என்று 1688இல் ஆங்கில மெய்யியலாளர் ஜான் லாக்கிடம் கேட்டார் அயர்லாந்து அறிஞர் மாலினூ. இருவருமே மாட்டார் என்றுதான் கருதினார்கள். இந்தியாவில் அறுவை சிகிச்சையால் பார்வை பெற்ற 5 சிறாரிடம் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வும் அதையே காட்டியது: கையால் தடவியறிந்த பொருளைக் கண்ணால் மட்டும் அடையாளம் காண முயன்றபோது, அவர்கள் ஏறத்தாழ ஊகித்தே தேர்ந்தார்கள்.

தெம்பனிஸ் வாசகி: மறுபாதியை விட்டுவிட்டீர்கள். மீண்டும் சோதித்தபோது, சில நாள்களிலேயே அத்திறன் வெகுவாக உயர்ந்திருந்தது. தொட்டதையும் கண்டதையும் இணைக்கும் ஆயத்தம் முன்பே இல்லையென்றால் அவ்வளவு விரைவு எப்படி?

தேக்கா பெரியவர்: இவ்வழக்கு நமக்கும் பழையதுதான். மணிமேகலைக் காப்பியத்தில் பூதவாதி, அதாவது உலகப் பொருள்களையே மெய்யெனக் கொள்பவன், கண்கூடாகக் காண்பதன்றி வேறு அளவையை, அதாவது அறியும் வழியை, ஏற்க மறுக்கிறான். உன் தாய் தந்தையரை அனுமானத்தாலன்றி வேறெப்படி அறிவாய் என்று கேட்கிறாள் மணிமேகலை. தம்பி மாறன் இதற்கு என்ன சொல்வார்?

செங்காங் மாறன்: ஐயா, அனுமானம் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. பிறர் பிள்ளை பெறுவதைக் கண்டும் கேட்டும் அறியாதவனுக்குத் தனக்கொரு தாய் இருந்தாளென அனுமானிக்க வழியேது?

தெம்பனிஸ் வாசகி: கண்டது பிறர் பிள்ளைகளை, முடிவு கட்டியதோ தன் பிறப்பைப் பற்றி. இடையிலுள்ள அந்தத் தாவலைத் தந்த புலன் எது என்பதைத்தான் தொடக்கத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.