நோட்டர் டாம் இனியும் தனித்து ஆட வேண்டுமா?

வடகரையான்:
டிசம்பர் 7, 2025 அன்று அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் (சாக்கர் அல்ல, அமெரிக்கன் ஃபுட்பால்) பிளேஆஃப் பட்டியலை, அதாவது சாம்பியனைத் தீர்மானிக்கும் நாக்-அவுட் சுற்றுக்கான பட்டியலை, தேர்வுக் குழு வெளியிட்டது. பன்னிரண்டு அணிகளில் நோட்டர் டாம் பல்கலைக்கழக அணி இல்லை. மியாமியிடம் 27-24, டெக்ஸஸ் ஏ அண்ட் எம் அணியிடம் 41-40 என முதல் இரண்டு ஆட்டங்களையும் தோற்றது. அதன்பின் பத்து ஆட்டங்களையும் வென்றது. இருந்தும் தரவரிசையில் 11ஆம் இடம், வெளியே. பன்னிரண்டில் ஐந்து இடங்கள் கூட்டமைப்புகளின் (தமக்குள் ஆடும் கல்லூரி அணிகளின் குழுக்கள்) சாம்பியன்களில் தரவரிசையில் முன்னிற்கும் ஐந்து அணிகளுக்கு ஒதுக்கப்பட்டவை; அதனால் தரவரிசையில் பின்தங்கிய சாம்பியன்களும் உள்ளே வந்தார்கள். எந்தக் கூட்டமைப்பிலும் சேராமல் தனி அணியாகவே ஆடுவேன் என்ற பிடிவாதத்துக்குக் கிடைத்த தண்டனை இது. மற்றவர்கள் வேறு நினைக்கிறீர்களா?

நாற்பதுகெஜம்:
முழுக்க மறுக்கிறேன். மியாமியும் 10-2 (பத்து வெற்றி, இரண்டு தோல்வி), நோட்டர் டாமும் 10-2. நேருக்கு நேர் மோதியதில் மியாமி வென்றது, அதனால் அது பட்டியலுக்குள் போனது. கதை அவ்வளவுதான். மியாமி அட்லாண்டிக் கோஸ்ட் கூட்டமைப்பில், அதாவது ஏசிசியில், இருக்கிறது. ஆனால் அதன் இறுதி ஆட்டத்துக்குத் தகுதி பெறவில்லை. கடைசி வாரம் இரு அணிகளுமே ஆடவில்லை. அந்தக் கூட்டமைப்பின் சாம்பியனான டியூக் 8-5 என்ற கணக்கோடு பிளேஆஃபுக்கு வெளியே நின்றது. உறுப்பினராக இருந்ததால் டியூக்குக்கு என்ன கிடைத்தது?

மறுபக்கமும் பாருங்கள். அலபாமா தன் கூட்டமைப்பின் இறுதியில் ஜார்ஜியாவிடம் 28-7 எனத் தோற்றும் 9ஆம் இடத்தில் நீடித்தது. பிரிகாம் யங் பல்கலைக்கழக அணி தன் கூட்டமைப்பின் இறுதியில் டெக்ஸஸ் டெக்கிடம் 34-7 எனத் தோற்றுக் கீழே இறங்கியது. ஒரே வாரத்தில் இரண்டு அளவுகோல். கோளாறு தேர்வுக் குழுவிடம்.

வடகரையான்:
டியூக்கை நீங்களே இழுத்தது நல்லதாயிற்று. ஏசிசியில் இந்த ஆண்டு வர்ஜீனியா 7-1 என முதலிடம். அடுத்து ஐந்து அணிகள் 6-2 என்று சமநிலையில் நின்றன. சமன்முறிப்பு விதியால் டியூக் இறுதிக்குச் சென்றது. நோட்டர் டாம் இதே பருவத்தில் ஆறு ஏசிசி அணிகளைச் சந்தித்தது: மியாமி, வட கரோலினா ஸ்டேட், பாஸ்டன் கல்லூரி, பிட்ஸ்பர்க், சிராக்யூஸ், ஸ்டான்ஃபோர்டு. மியாமியைத் தவிர அனைத்தையும் வென்றது. சிராக்யூஸை 70-7 என்று நொறுக்கியது. உறுப்பினராக இருந்து இன்னும் இரண்டு ஆட்டங்களை வென்றிருந்தால் 7-1. இறுதி ஆட்டம் கைக்குள் இருந்திருக்கும். யாருடைய தயவும் தேவைப்பட்டிருக்காது. மற்ற விளையாட்டுகளில் பெரும்பாலானவற்றில் 2013 முதல் ஏசிசியில்தானே இருக்கிறார்கள்? கால்பந்துக்கு மட்டும் ஏன் இந்தத் தயக்கம்?

தேன்மொழி:
தயக்கம் இல்லை, கணக்கு. 2024 பருவத்தை மறந்துவிட்டீர்களா? சொந்த மைதானத்தில் வட இல்லினாயிடம் 16-14 எனத் தோற்ற அதே அணி, பிளேஆஃபில் இண்டியானா, ஜார்ஜியா, பென் ஸ்டேட் மூன்றையும் வென்று இறுதி வரை சென்றது. அன்றைய விதிப்படி முதல் சுற்று ஓய்வு, அதாவது அதில் ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போவது, கூட்டமைப்புச் சாம்பியன்களுக்கு மட்டுமே. தனி அணிக்கு அது கிடையாது. கூடுதலாக ஓர் ஆட்டம் ஆடித்தான் ஜார்ஜியாவை வீழ்த்தினார்கள். இறுதியில் ஓஹையோ ஸ்டேட்டிடம் 34-23 எனத் தோற்றார்கள். அந்தப் பயணத்துக்குக் கிடைத்த 2 கோடி டாலரை எவருடனும் பங்கிட வேண்டியிருக்கவில்லை. உள்ளூர் ஆட்டங்களை 1991 முதல் என்பிசி ஒளிபரப்புகிறது; ஒப்பந்தம் 2029 வரை நீள்கிறது.

பணம் ஒருபுறம் இருக்கட்டும். அமெரிக்கக் கடற்படை அகாடமியின் அணியோடு 1927 முதல், 2020ஐத் தவிர ஒவ்வோர் ஆண்டும் ஆடுகிறார்கள். இரண்டாம் உலகப்போரின்போது மாணவர் இல்லாமல் தள்ளாடிய பல்கலைக்கழகத்தைத் தன் பயிற்சி முகாமாக்கிக் காப்பாற்றியது கடற்படை. அந்த நன்றிக்காகத் தொடரும் ஆட்டம் அது. யாரோடு, எங்கே ஆடுவது என்பதைத் தாங்களே தீர்மானிப்பதால்தான் அது பிழைத்திருக்கிறது. அதைக் கூட்டமைப்பின் அட்டவணைக்குப் பலி கொடுக்க என் மனம் ஒப்பாது.

வடகரையான்:
நன்றியை மதிக்கிறேன். 2026 முதல் ஏசிசியில் ஒன்பது ஆட்டங்கள் போனாலும் மீதி மூன்று உண்டு. கடற்படைக்கு அங்கே இடம் இருக்கிறது.

நாற்பதுகெஜம்:
எதற்காகச் சேர வேண்டும்? 2026 முதல் முதல் பன்னிரண்டு இடங்களுக்குள் வந்தாலே நோட்டர் டாமுக்கு பிளேஆஃப் இடம் உறுதி என்ற ஒப்பந்தம் ஏற்கெனவே இருக்கிறது. இந்த ஆண்டே அது நடப்பில் இருந்திருந்தால் 11ஆம் இடம் போதுமானது.

வடகரையான்:
அதைத்தான் எதிர்க்கிறேன். இந்தப் பருவத்தில் தனித்து ஆடிய அணிகள் இரண்டு. இன்னொன்று கனெக்டிகட். அது 9-3 என வழக்கமான பருவத்தை முடித்தது, மூன்று தோல்விகளும் கூடுதல் நேரத்தில். நீங்கள் சொன்ன அதே டியூக்கை 37-34 என வென்ற அணி அது. அதற்கு இப்படி ஓர் உறுதிமொழியை யாராவது எழுதிக் கொடுத்தார்களா? தனித்து நிற்பது உரிமை என்றால் இருவருக்கும் பொதுவாக இருக்க வேண்டும். ஒருவருக்கு மட்டும் என்றால் அது சலுகை. அந்தச் சலுகையை நம்பி இருப்பதைச் சுதந்திரம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

தேன்மொழி:
கனெக்டிகட் விஷயத்தில் உங்களோடு நிற்கிறேன். அதற்கும் அதே விதியைக் கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். ஆனால் அதற்காக நோட்டர் டாம் தன் அட்டவணையை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?