பஸ்ஸர்பீட்டர்: ஆறு வாரமாகியும் இளம் வீரர்களின் பாஸிங் உயரவில்லை, பிழை எங்கே?

கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். கூடைப்பந்து அணியொன்றை நடத்தும் இணைய விளையாட்டான பஸ்ஸர்பீட்டரில் இது எனக்கு இரண்டாவது பருவம். வீரர் தேர்வில் கிடைத்த மூன்று இளைஞர்களை வளர்த்தெடுக்க வேண்டும் என்ற எண்ணத்தில், கடந்த ஆறு வாரங்களாகப் பாஸிங் (சக வீரருக்குப் பந்தைக் கொடுத்தல்) பயிற்சியை, பந்தைக் கொண்டுசென்று ஆட்டத்தை நடத்தும் பாயின்ட் கார்டு என்ற ஒற்றை நிலைக்கு மட்டும் கொடுத்து வருகிறேன்; அந்த வாரம் அந்த நிலையில் ஆடுபவர்களுக்கே பயிற்சி சேரும். மூவருக்கும் வயது 18. இருவர் 188 செ.மீ. உயரமுள்ள கார்டுகள், மற்றவர் 211 செ.மீ. உயரமுள்ள சென்டர் (வளையத்தருகே ஆடுபவர்). பயிற்சியாளரின் தரம் நான்கு. ஆனால் கார்டுகள் இருவருக்கும் இதுவரை ஒரு படிதான் ஏறியுள்ளது. சென்டருக்கு அதுவும் இல்லை. போதாக்குறைக்குச் சென்டரின் ஆட்டத் தகுதி (ஆடுவதற்கான உடல் தயார்நிலை) வாரந்தோறும் குறைந்துகொண்டே வருகிறது.

கடந்த வாரம் பாயின்ட் கார்டு நிலையில் ஆடிய நிமிடங்கள்: முதல் கார்டு 31, இரண்டாம் கார்டு 34, சென்டர் 26, முப்பது வயதுள்ள என் மூத்த பாயின்ட் கார்டு 53. சென்டர் தன் சொந்த நிலையில் மேலும் 70 நிமிடம் ஆடினார். முழுப் பயிற்சிக்கு ஓர் ஆட்டத்தின் அளவு நேரம் ஆடினால் போதும் என்று படித்தேன். ஓர் ஆட்டம் 40 நிமிடம்தானே, ஏறக்குறைய அதை எட்டிவிட்டோமே என்று எண்ணியிருந்தேன். பயிற்சியாளரை மாற்ற வேண்டுமா, அல்லது பயிற்சி வகையையே மாற்ற வேண்டுமா என்று தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1:

வணக்கம் நண்பரே. நிமிடக் கணக்கை முழுமையாகக் கொடுத்ததால் விடை சொல்வது எளிதாயிற்று. பயிற்சியாளர் மீது குறையில்லை. நம் ஊர் மைதானங்களில் ஆடுவது பன்னாட்டுக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிப்படி பத்து நிமிடக் கால்பகுதிகள் நான்கு, ஆக 40 நிமிடம். இந்த விளையாட்டோ அமெரிக்காவின் என்பிஏ லீக் வழக்கப்படி பன்னிரண்டு நிமிடக் கால்பகுதிகளைக் கொண்டது; எனவே முழுப் பயிற்சிக்கு 48 நிமிடம் வேண்டும். அதற்குக் குறைந்தால் பயிற்சியும் அந்த அளவுக்குக் குறையும். உங்கள் சென்டர் 26 நிமிடம் ஆடிப் பாதியைச் சற்றே தாண்டிய பயிற்சியைத்தான் பெற்றிருக்கிறார்.

நீங்கள் தந்த நான்கு எண்களையும் கூட்டிப் பாருங்கள்: 144 வரும். வாரத்திற்கு இரண்டு லீக் ஆட்டமும் ஒரு கோப்பை அல்லது நட்பு ஆட்டமும் நடக்கின்றன. ஒரு நிலைக்கு ஆட்டத்திற்கு 48 நிமிடம் என்றால், ஒற்றை நிலைப் பயிற்சியில் மூவருக்கு மட்டுமே முழுப் பங்கு கிடைக்கும். அந்த 144 நிமிடத்தில் 53 நிமிடத்தை, வயதாகிவிட்டதால் பயிற்சியின் பலன் மிகக் குறைவாகவே சேரும் மூத்த வீரர் எடுத்துக்கொண்டார். விதைநெல்லை எடுத்துச் சமைத்தது போலாயிற்று. அவரை ஷூட்டிங் கார்டு நிலைக்கு நகர்த்திவிடுங்கள்.

அடுத்து, யாரை எந்த ஆட்டத்தில் நிறுத்துவது என்பது. கார்டுகள் இருவரும் அந்த நிலைக்கு உரியவர்களே என்பதால், ஆளுக்கொரு லீக் ஆட்டத்தைக் கொடுத்துவிடலாம். சென்டரை லீக் ஆட்டத்தில் பாயின்ட் கார்டாக நிறுத்தினால் பந்தை இழந்துகொண்டே இருப்பார். ஆகவே நட்பு ஆட்டத்தின் 48 நிமிடமும் அவருக்கே இருக்கட்டும், தோற்றாலும் நட்டமில்லை. கோப்பைப் போட்டியில் இன்னும் நீடிக்கிறீர்கள் என்றால் மட்டும் இந்த ஏற்பாடு சிக்கலாகும்.

ஆட்டத் தகுதி குறைந்ததற்குக் காரணமும் உங்கள் கணக்கிலேயே இருக்கிறது. சென்டர் ஒரே வாரத்தில் 96 நிமிடம் ஆடியிருக்கிறார். நீண்டகாலம் ஆடுபவர்கள் பெரும்பாலும் 60 முதல் 75 நிமிடத்திற்குள் வீரரை நிறுத்திக்கொள்வார்கள். பயிற்சிக்கு 48, அதன்மேல் சென்டர் நிலையில் மாற்று வீரராக ஓர் இருபது நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் 2:

நிமிடக் கணக்கு சரி. ஆனால் அந்தச் சென்டருக்குப் பாஸிங் கற்றுக்கொடுப்பதையே நான் ஏற்கவில்லை. உயரம் கூடக் கூட பாஸிங், பந்து கையாளல் போன்ற வெளிவட்டத் திறன்கள் மெதுவாகவும், ரீபவுண்டு (வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடித்தல்) போன்ற உள்வட்டத் திறன்கள் விரைவாகவும் ஏறும் என்பது இந்த விளையாட்டின் அடிப்படை. 211 செ.மீ. உயரமுள்ளவரைப் பாயின்ட் கார்டாக ஆடவிடும் வாரங்களில் ஒரு நல்ல கார்டுக்குக் கிடைத்திருக்க வேண்டிய இடம் வீணாகிறது. அவரை விற்றுவிட்டு மூன்றாவதாகவும் ஒரு கார்டை வாங்கினால் மூவரும் ஒரே வேகத்தில் வளர்வார்கள். அவருடைய பொட்டன்ஷியல் (திறன் வளரக்கூடிய உச்சவரம்பு) எது என்பதையும் கேள்வி கேட்டவர் சொல்லவில்லை.

கேள்வி கேட்டவர்:

மன்னிக்கவும், அதைக் குறிப்பிட மறந்துவிட்டேன். சென்டருடைய பொட்டன்ஷியல் 'ஸ்டார்'. கார்டுகளில் ஒருவர் அதைவிட உயர்ந்த 'ஆல்ஸ்டார்', மற்றவர் அதைவிடத் தாழ்ந்த 'ஸ்டார்ட்டர்'.

பதில் 1:

'ஸ்டார்' என்பதால்தான் வெளித்திறனை முதலில் கொடுக்கச் சொல்கிறேன். அவருக்கு ரீபவுண்டும் உள்தற்காப்பும் உள்ளிருந்து எறிதலும் மட்டுமே கொடுத்து வந்தால், ஓரிரு பருவங்களில் பொட்டன்ஷியலின் உச்சியை முட்டிவிடுவார். அதற்குப் பின் எந்தப் பயிற்சியும் எளிதில் ஏறாது. சம்பளமோ பருவந்தோறும் அவருடைய சிறந்த நிலைக்குரிய திறன்களை வைத்துக் கணக்கிடப்படுவதால், வெறும் உள்வட்டத் திறன் கொண்ட சென்டர்கள் அணியின் பணப்பையைக் காலி செய்துவிடுகிறார்கள். பாஸிங், பந்து கையாளல் போன்றவை சென்டரின் சம்பளத்தை அவ்வளவாக ஏற்றுவதில்லை. மெதுவாகக் கற்பவருக்கு அதைக் கற்பிக்க ஏற்ற வயது 18தான். வயது ஏற ஏறப் பயிற்சியின் வேகம் குறைந்துவிடும். உள்வட்டத் திறனை 21 வயதிலும் ஏற்றிக்கொள்ளலாம்.

விற்பதென்றால் 'ஸ்டார்ட்டர்' பொட்டன்ஷியல் உள்ள கார்டை விற்பதே என் தேர்வு. ஆனால் இந்தப் பருவம் முடியும்வரை பொறுத்திருங்கள். பாஸிங் இன்னும் இரு படி ஏறினால் விலை கூடும்.

பதில் 2:

சம்பளக் காரணத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் பாஸிங்கிலேயே ஒரு பருவம் முழுவதையும் செலவிட வேண்டாம். சில வாரங்கள் கழித்துப் பந்து கையாளலுக்கு மாறுவது நல்லது. தொடர்புடைய திறன்கள் ஒன்றையொன்று இழுத்துச் செல்லும்.

கேள்வி கேட்டவர் (மூன்று வாரம் கழித்து):

சொன்னபடி செய்தேன். கார்டுகள் இருவருக்கும் ஒரு படி உயர்ந்துவிட்டது. சென்டருக்கு மூன்றாம் வாரத்தில்தான் முதல் படி ஏறியது. அவர் வாரத்தில் மொத்தம் 68 நிமிடத்திற்கு மேல் ஆடவில்லை என்பதால் ஆட்டத் தகுதியும் மெல்லத் திரும்பி வருகிறது. ஒரேயொரு குறை: இரண்டாம் வாரத்தில் முதல் கார்டுக்கு 39 நிமிடம்தான் கிடைத்தது. ஆட்டத்தின் நடுவே பயிற்சியாளர் மூத்த வீரரை அந்த நிலைக்கு மாற்றிவிட்டார்.

பதில் 1:

ஆட்டத்திற்கு முன் அணியை அமைக்கும் பக்கத்தில், ஆள் மாற்றும் முடிவைப் பயிற்சியாளருக்கு விட்டுவிடாமல், உங்கள் வரிசையை அப்படியே பின்பற்றும்படி தெரிவு செய்யுங்கள். பாயின்ட் கார்டு நிலையில் தொடக்க வீரராக மட்டுமன்றி மாற்று வீரராகவும் அதே இளைஞரையே இடுங்கள். காயம் பட்டாலோ தவறுகள் மிகுந்து வெளியேற்றப்பட்டாலோ ஒழிய 48 நிமிடமும் அவரே ஆடுவார். அன்றைய கடைசிக் கால்பகுதியில் அவர் களைத்துத் தள்ளாடுவதைப் பார்த்து மனம் கலங்கி அமைப்பை மாற்றிவிட வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:

மாற்றிவிட்டேன், இந்த வாரம் சரியாக 48 நிமிடம் கிடைத்தது. இருவருக்கும் நன்றி. அடுத்த வாரம் பந்து கையாளலைத் தொடங்குகிறேன்.