முதல் தடவை பர்னிங் மேன்: பணம் கட்டித் தயார் முகாமில் தங்கலாமா?

வெள்ளைத்தூசி:

அமெரிக்காவில் நெவாடாவின் பிளாக் ராக் பாலைவனத்தில் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி ஒரு வாரத்துக்கு மேல் நடப்பது பர்னிங் மேன் என்ற கலைவிழா. வருகிறவர்களே முகாம் போட்டு ஒரு தற்காலிக ஊரைக் கட்டி, சிற்பங்கள் வைத்து, முடிவில் மனித உருவில் ஒரு பெரிய மரச்சிலையை எரிப்பார்கள். அதற்கு முதல் தடவை போக நினைப்பவர்கள் பலர் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். படுக்கை, சாப்பாடு, சைக்கிள் எல்லாம் தயாராக வைத்திருக்கும் முகாமுக்குப் பணம் கட்டிவிட்டுப் போகலாமா என்று. என் பதில், வேண்டாம். 2023-ல் நான் அப்படித்தான் போனேன், அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

அப்போது டிக்கெட் 575 டாலர், வண்டிக்கு 150 டாலர், முகாமுக்குக் கட்டியது இவை இரண்டையும் சேர்த்தால் வருவதைவிடப் பல மடங்கு. ஏசி போட்ட ஆர்வி (உள்ளேயே தங்கும் வீட்டு வண்டி), சமையலுக்கு ஆள், ராத்திரி திரும்பி வந்தால் குளிக்க வெந்நீர். நான்கு நாள் சைக்கிளில் சுற்றிச் சிற்பங்களைப் பார்த்தேன், ஏறினேன், படம் எடுத்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. செப்டம்பர் 1, வெள்ளிக்கிழமை மழை வந்தது.

அந்தத் தரை ஒரு பழைய ஏரியின் படுகை. காய்ந்தால் மாவு மாதிரித் தூசி, நனைந்தால் பசை. பத்து அடி நடப்பதற்குள் இரண்டு காலிலும் செங்கல் கட்டின மாதிரி சேறு சேர்ந்துவிடும். நுழைவாயிலை மூடினார்கள், வண்டி ஓட்டக் கூடாது என்றார்கள், இருக்கிற சாப்பாட்டையும் தண்ணீரையும் சிக்கனமாக வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். உள்ளே 70,000-க்கும் மேற்பட்டவர்கள். எங்கள் முகாமுக்கு டீசலும் சாப்பாடும் வெளியிலிருந்து வர வேண்டும், அது நின்றுபோனது. சனிக்கிழமை சாயங்காலம் ஜெனரேட்டர் அணைந்தது. ஏற்பாடு செய்தவர்களிடம் கேட்டால், நாங்கள் என்ன செய்ய முடியும் என்றார்கள்.

பக்கத்து முகாமில் ஆறு பேர் இருந்தார்கள். நாலு நாளாக அவர்கள் பெயரைக்கூட நான் கேட்டதில்லை. அவர்கள்தான் வந்து கூப்பிட்டு சூப் கொடுத்தார்கள். காலுறை போட்டு, அதன்மேல் பிளாஸ்டிக் பை மாட்டி, அதற்கும் மேலே இன்னொரு காலுறை போட்டால் சேறு அவ்வளவாக ஒட்டாது என்று செய்து காட்டினார்கள். ஒவ்வொரு நாளுக்கும் எவ்வளவு தண்ணீர் என்று கேனில் கோடு போட்டு வைத்திருந்தவர்கள், அந்தக் கணக்கிலிருந்து எனக்கும் ஊற்றினார்கள். திருப்பிக் கொடுக்க என்னிடம் ஒன்றுமே இல்லை, கிரெடிட் கார்டைத் தவிர. அங்கே அதை வைத்து என்ன செய்வது? அன்றைக்குத்தான் புரிந்தது, இத்தனை நாள் நான் அந்த ஊருக்குள் இருந்தேனே தவிர விழாவில் கலந்துகொள்ளவே இல்லை என்று.

பாதிநிலா:

உங்களுக்கு நடந்தது கஷ்டமான விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது ஒரு மோசமான ஏற்பாட்டாளரிடம் மாட்டிக்கொண்ட கதை. அதை வைத்து எல்லோருக்கும் “வேண்டாம்” என்று சொல்வது நியாயமா?

எனக்கு 61 வயது. இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை முடிந்தவள். முதல் தடவை போனபோது நானும் பணம் கட்டித்தான் தங்கினேன். பகலில் 38 டிகிரியைத் தொடும் வெயிலில், நிற்கவே விடாத காற்றில், கூடாரத்தின் ஆணியை நான் எப்படி அடிப்பது? போகாமலே இருந்திருக்க வேண்டும் என்கிறீர்களா?

நான் போனது ஒரே காரணத்துக்காக. டெம்பிள் என்று ஒரு மரக்கோயில் கட்டுவார்கள். 2000-ல் டேவிட் பெஸ்ட் என்ற சிற்பி முதல் தடவை அதைக் கட்டியபோது, உடன் வேலை செய்த நண்பர் விபத்தில் இறந்துவிட, வந்தவர்கள் தங்கள் வீட்டில் இறந்தவர்களின் பெயர்களையும் அந்த மரத்தில் எழுத ஆரம்பித்தார்கள். அதிலிருந்து ஒவ்வொரு வருடமும் தொடர்கிறது. நான் என் அக்காவின் மூக்குக்கண்ணாடியைக் கொண்டுபோய் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அதை எரிக்கும்போது அத்தனை ஆயிரம் பேர் சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். பணம் கட்டி வந்தவளா, தானே ஆணி அடித்தவளா என்று அந்த நெருப்பு என்னைக் கேட்கவில்லை.

கானல்:

ஏழு தடவை போயிருக்கிறேன். நீங்கள் இரண்டு பேரும் இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறீர்கள் என்று தோன்றுகிறது.

பணம் கட்டுவதில் தப்பே இல்லை. பெரும்பாலான முகாம்களில் பங்குத்தொகை உண்டு. நிழல் பந்தல், பொதுச் சமையல், தண்ணீர்த் தொட்டி, இதெல்லாம் சும்மா வருமா? ஆனால் அங்கே பணம் கட்டினவரும் பாத்திரம் கழுவுவார், ஒரு வேளை சமைப்பார், கடைசி நாள் தரையைக் கூட்டிப் பொறுக்குவார். மாறாக, “நான் பணம் தருகிறேன், என் பங்கு வேலையை வேறு யாரோ செய்யட்டும்” என்பது வேறு. ப்ளக் அண்ட் ப்ளே என்று பழைய ஆட்கள் வெறுப்போடு சொல்வது அதைத்தான்.

விழாவைத் தொடங்கியவர்களில் ஒருவரான லாரி ஹார்வி 2004-ல் எழுதிய பத்துக் கொள்கைகளில் தன் தேவையைத் தானே பார்த்துக்கொள்வதும் இருக்கிறது, கூடி உழைப்பதும் இருக்கிறது, எதையும் வியாபாரமாக்காமல் இருப்பதும் இருக்கிறது. உள்ளே கடை கிடையாது. சாதாரணமாக நாம் காசு கொடுத்து வாங்கக்கூடியது பனிக்கட்டி, அவ்வளவுதான். முன்பு நடு முகாமில் காபி விற்றார்கள், அதையும் நிறுத்திவிட்டார்கள். பண்டமாற்று என்று வெளியில் தப்பாகச் சொல்கிறார்கள், அதுவும் இல்லை. கொடுப்பது மட்டும்தான், பதிலுக்கு எதையும் எதிர்பார்க்காமல். அப்படி ஒரு ஊருக்குள் ஹோட்டல் மாதிரி ஒன்றை நடத்தினால் அது அந்த ஊரையே அரிக்கிறது. 2019-ல் நிர்வாகமே இந்த மாதிரி சொகுசு முகாம்களைப் பற்றி வெளிப்படையாக எழுதி நடவடிக்கையும் எடுத்தது.

பாதிநிலா அம்மா, முழங்கால் விஷயத்துக்கு ஒரு பதில் உண்டு. மொபிலிட்டி கேம்ப் என்று ஒன்று வருடக்கணக்காக இருக்கிறது, நடக்கச் சிரமப்படுகிறவர்களை வண்டியில் ஏற்றிச் சிற்பங்களைக் காட்டுவார்கள். உங்களால் ஆணி அடிக்க முடியாவிட்டால் அடித்துத்தர ஆள் இருக்கிறது. கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

பாதிநிலா:

“கேட்க வேண்டும், அவ்வளவுதான்.” ஏழு தடவை போனவருக்கு அது சுலபம் தம்பி. அங்கே யாரையுமே தெரியாத முதல் தடவையில், முன்பின் பார்க்காத ஆட்களிடம் போய் எனக்கு உடம்பு முடியவில்லை என்று நிற்பதற்கு எவ்வளவு மனசு வேண்டும் தெரியுமா? பணம் கட்டினால் அந்தக் கூச்சம் இல்லை. நான் வாங்கினது சொகுசை இல்லை, கூச்சத்திலிருந்து விடுதலையை.

கானல்:

இதை நான் யோசித்ததில்லை. ஆனால் அந்தக் கூச்சம் உடைவதுதானே அங்கே நடக்க வேண்டியது என்றும் ஒரு பக்கம் தோன்றுகிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு இன்னும் யோசிக்கிறேன்.

மேற்குக்காற்று:

யார் ஆணி அடிப்பது என்று இவ்வளவு நேரம் பேசுகிறீர்கள், போகத்தான் வேண்டுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. இந்த விழாவால் காற்றில் சேரும் கரியமில வாயு வருடத்துக்குச் சுமார் 1,00,000 டன் என்று நிர்வாகமே கணக்குச் சொல்லியிருக்கிறது, அதில் பெரும்பகுதி போய்வரும் பயணத்தால். சிலையை எரிப்பதால் வருவது அதில் கொஞ்சம்தான். 2023-ல் தொடக்க நாளில் சாலையை மறித்த சுற்றுச்சூழல் போராட்டக்காரர்கள் தனி விமானங்களுக்குத் தடை கேட்டார்கள். கூட்டத்தில் வந்த பலர் அவர்களைத் திட்டினார்கள்.

பக்கத்து நகரமான ரீனோவிலிருந்து போகும்போது வரும் 447-ஆம் எண் சாலை பிரமிட் லேக் பையூட் பழங்குடியினரின் நிலத்தின் வழியாகப் போகிறது. இரண்டே தடம். எழுபதாயிரம் பேர் அதில் போய்த் திரும்பும்போது ஓரத்தில் குப்பைப் பைகள் கிடப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், அந்தப் பக்கம் வேலை நிமித்தம் அடிக்கடி போகிறவன். பாலைவனத்தில் தடயம் விடாமல் வருவோம் என்று பெருமையாகச் சொல்கிறீர்கள், தடயத்தை அடுத்தவர் வாசலில் கொட்டிவிட்டுப் போனால் அது எப்படிக் கணக்கில் சேரும்?

வெள்ளைத்தூசி:

குப்பை விஷயத்தில் உங்கள் கோபம் சரியானது. அதற்கு நான் சமாதானம் சொல்ல மாட்டேன். அந்தச் சாலையோரத்தில் பையூட் மக்கள் சிலர் பணம் வாங்கிக்கொண்டு குப்பையைப் பெற்றுக்கொள்கிறார்கள். அங்கே நிறுத்தி முறையாகக் கொடுக்கலாம், இல்லையென்றால் வீடு வரைக்கும் கொண்டுபோகலாம். வழியில் போடுகிறவர் அந்த விழாவுக்குப் போனேன் என்று சொல்லவே கூடாது.

ஆனால் உள்ளே நடக்கும் சுத்தம் வெறும் பேச்சு இல்லை. அது அரசின் நிலம். ஒரு ஏக்கருக்குச் சராசரியாக ஒரு சதுர அடிக்கு மேல் குப்பை இருக்கக் கூடாது என்பது அனுமதியின் நிபந்தனை. விழா முடிந்தபின் ஒரு குழு வாரக்கணக்கில் வரிசையாக நடந்து கூடார ஆணி, பாசிமணி, முடி, மரச்சில்லு வரை பொறுக்குகிறது. எந்த முகாம் இடத்தில் எவ்வளவு கிடந்தது என்று பச்சை, மஞ்சள், சிவப்பு போட்டு வரைபடமும் வெளியிடுகிறார்கள். நான் தங்கின இடம் எந்த நிறம் என்று பார்க்கவே எனக்குத் தைரியம் வரவில்லை, பிறகு பார்த்தேன், சிவப்பு. என் பெயரில் கிடந்த குப்பையை யாரோ முட்டிபோட்டுப் பொறுக்கியிருக்கிறார்கள். நான் காசு கொடுத்து வாங்கினதில் அதுவும் சேர்த்தி.

கானல்:

பயணப் புகைக்கு என்னிடமும் பதில் இல்லை. நான் மூன்று பேரோடு ஒரே வண்டியில் போகிறேன், அது கணக்கைக் குறைக்குமே தவிர அழிக்காது. இருந்தாலும் போகிறேன், ஏனென்றால் வேறெங்கும் ஒரு சிற்பத்தைத் தொடவும் ஏறவும் அதன் உள்ளே தூங்கவும் விட்டதில்லை. இந்த விழா தொடங்கிய 1986-ல் சான் பிரான்சிஸ்கோ கடற்கரையில் எட்டு அடி மரப்பொம்மையை எரித்தபோது பார்த்தவர்களும் செய்தவர்களும் அதே ஒரு கைப்பிடி ஆட்கள்தான். “பார்வையாளர் யாரும் இல்லை” என்பது அங்கே பழைய வாசகம். 2018-ல் வாஷிங்டனில் ரென்விக் கேலரி இந்தக் கலைக்குக் கண்காட்சி வைத்தபோது அதற்கே அந்தப் பெயரைத்தான் வைத்தார்கள். ஆனால் கேலரிக்குள் வைத்தால் எல்லோரும் பார்வையாளர்தானே. பாலைவனத்துக்குப் போவதற்கு இதுதான் காரணம்.

சின்னச்சிட்டு:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு டிக்கெட் கிடைத்துவிட்டது, தனியாகப் போகிற பெண், கூடாரமே இதுவரை கட்டியதில்லை. இதையெல்லாம் படித்தபிறகு தயார் முகாமுக்குப் பணம் கட்டப் பயமாக இருக்கிறது, கட்டாமல் போகவும் பயமாக இருக்கிறது.

கானல்:

சிட்டு, நடுவழி இருக்கிறது. வேலை முறை வைத்திருக்கும் சின்ன முகாம் ஒன்றில் இப்போதே சேர்ந்துவிடுங்கள். அவர்களோடு இரண்டு மூன்று தடவை பேசிப் பாருங்கள். “நான் என்ன வேலை செய்ய வேண்டும்” என்று கேளுங்கள். ஒன்றும் வேண்டாம், வந்தால் போதும் என்று பதில் வந்தால் அங்கே சேராதீர்கள்.

முகாமில் இருந்தாலும் உங்கள் உயிருக்கு வேண்டியது உங்கள் கையில் இருக்கட்டும். தண்ணீர் ஒரு நாளைக்கு ஒன்றரை கேலன், அதாவது ஆறு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு, குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் சேர்த்து. கூடவே இரண்டு மூன்று நாளுக்கு அதிகமாக. நல்ல தூசிக் கண்ணாடி, முகமூடி. காற்று எழுந்தால் நீட்டின கை தெரியாது, அப்போது நடக்காதீர்கள், அப்படியே உட்காருங்கள். ராத்திரி குளிரும், பகல் வெயிலைப் பார்த்து ஏமாந்து கம்பளியை விட்டுவிட்டு வராதீர்கள். உங்கள் மேலேயும் சைக்கிள் மேலேயும் முன்னும் பின்னும் விளக்கு. இருட்டில் விளக்கில்லாமல் போகிறவரைக் கலைவண்டி, அதாவது சிற்பம் மாதிரி அலங்கரித்த வண்டி, ஓட்டுகிறவருக்குத் தெரியாது. அந்தத் தூசி காரத்தன்மை உள்ளது, வெறுங்காலோடு திரிந்தால் தோல் வெடிக்கும், தினமும் வினிகர் கலந்த தண்ணீரில் கால் கழுவுங்கள். கழுவின தண்ணீரைத் தரையில் ஊற்றக் கூடாது, அதையும் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

பாதிநிலா:

இதெல்லாம் சரி, ஆனால் பெண்ணே, வசதி வேண்டும் என்று தோன்றினால் அதற்காக வெட்கப்படாதே. முதல் தடவை பாதிதான் முடிகிறதா, பாதி செய். நான் என் இரண்டாவது தடவை பணம் கட்டும் முகாமுக்குப் போகவில்லை. வெள்ளைத்தூசி சொல்கிற காரணத்துக்காக இல்லை. முதல் தடவையில் எனக்கு அங்கே ஆட்கள் கிடைத்தார்கள், அதனால். காலையில் இரண்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து, கால் வெடித்து வருகிறவர்களுக்கு வினிகரில் கால் கழுவி எண்ணெய் தடவி விடுவேன். அதற்கு முழங்கால் தேவையில்லை.

வெள்ளைத்தூசி:

பாதிநிலா அம்மா, நீங்கள் போன அந்த முதல் தடவையை நான் தப்பு என்று சொன்னது போல ஆகிவிட்டது, அதை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் கை கால் நன்றாக இருக்கிற, முப்பது வயதுக்காரன் எனக்கு அந்தச் சலுகை பொருந்தாது. என்னைப் போன்றவர்களுக்கு நான் சொல்வது இப்போதும் அதுதான், வேண்டாம்.

இந்த வருடம் நானே கட்டுகிறேன். கூடாரம், நிழல்துணி, தண்ணீர்க் கேன் எல்லாம் வாங்கி வீட்டுக்குப் பின்னால் மூன்று தடவை கட்டிப் பிரித்துவிட்டேன். பெரிய பிளாஸ்டிக் பை நூறும் தடிமனான காலுறை ஐம்பது ஜோடியும் எடுத்து வைத்திருக்கிறேன். மழை வந்தாலும் வராவிட்டாலும் அதுதான் நான் கொடுக்கப்போவது.

சின்னச்சிட்டு:

ஒரு சின்ன முகாமுக்கு எழுதியிருக்கிறேன். பாத்திரம் கழுவ ஆள் வேண்டும் என்று பதில் வந்தது. சரி என்று சொல்லிவிட்டேன். வெள்ளைத்தூசி, அந்தத் தரைக்குச் சாதாரணக் கூடார ஆணி நிற்காது என்கிறார்களே, நீங்கள் என்ன வாங்கினீர்கள்?

வெள்ளைத்தூசி:

நிற்காது, முதல் காற்றிலேயே பிடுங்கிக்கொள்ளும். திருகு மரை போட்ட நீளமான போல்ட், 14 அங்குலம். பேட்டரியில் ஓடும் முறுக்கும் கருவியால் இறக்கலாம், திரும்ப எடுப்பதும் அதே கருவியால் சுலபம். போல்ட்டின் தலையில் பளிச்சென்ற நாடா கட்டுங்கள், ராத்திரி யாரும் தடுக்கி விழாமல் இருக்க. எத்தனை இறக்கினீர்கள் என்று எண்ணி எழுதி வையுங்கள், கிளம்பும்போது அத்தனையும் திரும்ப எண்ண வேண்டும்.